கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு சிலிண்டர்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடவில்லை. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். விடுமுறைக்கு வேன் பிடித்துக் கிளம்பப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். "சார், நாங்க நாலு குடும்பம், பிள்ளைகளோட பன்னெண்டு பேரு, கொடைக்கானல் போறோம். டென்ட் போட்டு ரெண்டு நாள் தங்குறோம். நாமளே சமைச்சுக்கலாம்னு முடிவு. லிஸ்ட்ல எதுவும் விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். என்னிடம் படித்தவர்கள் இப்படி இன்னும் கேட்பது எனக்குப் பெருமைதான்.

அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, கம்பளி, டார்ச் லைட், தைலம், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை என்று எல்லாம் சரியாக இருந்தது. பதினேழாவது வரிசையில் இப்படி எழுதியிருந்தார்: "வீட்டு சிலிண்டர் 1, கடைசி சீட்டுக்கு அடியில்."

அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இந்தப் பதிவின் நடுவில் வரும். நான் வரலாற்று வாத்தியார். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சரிப்படும்.

பயணத்தில் நம் முன்னோர் சோற்றுக்கு என்ன செய்தார்கள்?

என் சின்ன வயதில் நார்த்தாமலை மாரியம்மன் பங்குனித் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். முதல் நாள் ராத்திரியே அம்மா புளிச்சோறு கிளறி ஆற வைத்துவிடுவார். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். அதுதான் கட்டுச்சோறு. இரண்டு வேளைக்குக் கெடாது. வண்டியில் மனிதர்கள் இருந்தார்கள், சோறு இருந்தது, நெருப்பு மட்டும் இல்லை.

இன்னும் பின்னால் போனால் சத்திரங்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்போனது. அந்தக் கடற்கரைப் பாதை இன்றைய நம் மாவட்டத்து மணமேல்குடி, மீமிசல் பக்கமாகத்தான் போனது. யோசித்துப் பாருங்கள். அடுப்பு சத்திரத்தில் நின்றது. யாத்திரிகர் அடுப்பைத் தேடி நடந்தார். அடுப்பு யாருடனும் நடக்கவில்லை.

சத்திரங்கள் மங்கிய பிறகு மூன்று கல்லும் சுள்ளியும் வந்தன. அதன் பிறகு பம்ப் ஸ்டவ். ரேஷன் மண்ணெண்ணெயைக் கேனில் ஊற்றி, வண்டியின் ஓர் ஓரத்தில் சணலால் கட்டி எடுத்துப் போவோம். மண்ணெண்ணெய் சிந்தினால் தரை நனையும். கண்ணுக்குத் தெரியும். துடைத்துவிட்டுப் பற்றவைக்கலாம். அதன் பிறகு வந்ததுதான் கண்ணுக்குத் தெரியாதது.

இந்தக் கேஸின் கதையே ஒரு காரில் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது.

1910ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த ஒருவர், தாம் வாங்கும் பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேருவதற்குள் ஆவியாகிப் போகிறது என்று புகார் சொன்னார். அதை ஆராயும் வேலை அரசாங்கச் சுரங்கத் துறையில் இருந்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளரிடம் வந்தது. அவர் அந்தப் பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டு போனார். மூடி திரும்பத் திரும்பத் தெறித்தது. உள்ளே இருந்து ஏதோ வெளியேறத் துடித்தது. அதைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவைதான் புரொப்பேனும் பியூட்டேனும். அழுத்தி அடைத்தால் திரவமாக அடங்கும். அழுத்தம் நீங்கினால் ஆவியாகப் பாயும். 1912இல் ஒரு பண்ணை வீட்டில் முதல்முதலாக இந்த வாயுவில் அடுப்பும் விளக்கும் எரிந்தன. 1913இல் ஸ்னெல்லிங் காப்புரிமை பெற்றார்.

ஆக, வண்டியிலிருந்து தப்பித்து ஓடிய வாயுவைப் பிடித்து உருளையில் அடைத்தார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு நாம் அந்த உருளையை மறுபடியும் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவுக்கு இது 1955இல் வந்தது. பர்மா ஷெல் கம்பெனி பம்பாயில் விற்கத் தொடங்கியது. 1965இல் இந்தியன் ஆயில் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பைத் தொடங்கியது. 1970களில் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் அரசுடைமையாயின. அப்படிப் பிறந்தவைதான் நாம் இன்று சொல்லும் எச்.பி. கேஸும் பாரத் கேஸும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போம். சிலிண்டர் வந்த அன்று மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தோம். 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் தரத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. புகையில் கண் எரிந்த எத்தனையோ தாய்மார்களுக்கு அது விடுதலை. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்ததும் அது வீட்டைவிட்டு வெளியேயும் கிளம்பியது. சமயபுரம் பாதயாத்திரைக்குப் பின்னால் போகும் சமையல் வண்டியில், சபரிமலை வேனில், குற்றாலத்துக்குப் போகும் பஸ்ஸில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாம் ஏறிக்கொண்டது.

பள்ளிக்கூடம் என்று சொன்னேன் அல்லவா? இந்தக் கேஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பெரிய கடன் இருக்கிறது. அதைச் சொல்லவேண்டும்.

சமையல் கேஸுக்கு இயல்பில் சொல்லும்படியான வாசனை கிடையாது. நாம் "கேஸ் நாத்தம்" என்று சொல்வது, அதில் கலக்கும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வேதிப்பொருளின் நாற்றம். துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஏன் கலக்கிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செழித்த பூமி. நல்ல வசதியான பள்ளிக்கூடம். செலவைக் குறைக்க, எண்ணெய் வயலில் உபரியாகக் கிடைத்த இயற்கை எரிவாயுவைக் குழாயில் இழுத்து வகுப்பறைகளைச் சூடேற்றினார்கள். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. எங்கோ ஒரு கசிவு. கட்டடத்துக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் அது நிறைந்துகொண்டே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18, பிற்பகல் மூன்றேகால் மணி. பள்ளி விட இன்னும் சில நிமிடங்கள். தொழிற்பயிற்சி வகுப்பில் ஓர் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு பொறி. மொத்தக் கட்டடமும் எழும்பி விழுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்.

சில வாரங்களுக்குள் அந்த மாகாணம் சட்டம் போட்டது: எரிவாயுவில் நாற்றம் கலந்தே தீரவேண்டும். பிறகு அந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. நம் வீட்டு அடுப்படியில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காரணம் இதுதான்.

1996ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். வாடகை பஸ். ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள், நாங்கள் மூன்று ஆசிரியர்கள், ஒரு சமையல் மாஸ்டர். ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது என்று நாங்களே சமைப்பதாக ஏற்பாடு. பாத்திரம், அரிசி மூட்டையோடு ஒரு சிலிண்டரும் ஏறியது. நிமிர்த்தி வைத்தால் இடிக்கிறது என்று கடைசி சீட்டுக்கு அடியில் படுக்க வைத்துச் சாக்கைப் போட்டு மூடினோம். ரெகுலேட்டரைக் கழற்றவில்லை. அடுப்பிலிருந்து உருவிய டியூப்பை அப்படியே கழுத்தில் சுற்றி வைத்திருந்தோம். அப்படி வைக்கச் சொன்னது நான். சீக்கிரம் கிளம்பவேண்டும் என்ற அவசரம் எனக்கு.

நள்ளிரவு தாண்டி, கோவில்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிருக்கு ஜன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டிருந்தது. பின்னால் இருந்து ஒரு பெண்பிள்ளை குரல் கொடுத்தாள். "சார், ஏதோ அழுகின முட்டை நாத்தம் அடிக்குது."

"வெளியில சாக்கடையா இருக்கும். பேசாமத் தூங்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சார், இன்னும் அடிக்குது சார்."

"சொன்னாக் கேக்கமாட்டியா?" என்று அதட்டினேன். அவள் என்னிடம் மூன்றாவது முறை சொல்லவில்லை. எழுந்து, தூங்குகிற பிள்ளைகளின் கால்களைத் தாண்டித் தாண்டி, பஸ்ஸின் முன்பக்கம் வரை நடந்து போய் ஓட்டுநரிடம் சொன்னாள். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அடுத்த நொடியே வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். "எல்லாரும் இறங்குங்க, யாரும் லைட்டப் போடாதீங்க" என்று கத்தினார். அவர் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. பற்றவைக்காத பீடி.

பிள்ளைகளை இறக்கிச் சாலையைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். சமையல் மாஸ்டரும் கிளீனரும் சிலிண்டரை இழுத்து வெளியே போட்டார்கள். வண்டி குலுங்கிய குலுங்கலில் எதிலோ இடித்து ரெகுலேட்டரின் திருகு பாதி திரும்பியிருந்தது. டியூப் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். மறுநாள் காலை அதே சிலிண்டரில்தான் உப்புமா கிண்டினோம். திரும்பி வந்தபின் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் அறையில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகக்கூட நான் சொல்லியிருக்கிறேன்.

நியூ லண்டன் பிள்ளைகளுக்கு நாற்றம் வரவில்லை, அதனால் இறந்தார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த நாற்றம் என் வண்டிப் பிள்ளைக்கு வந்தது. அவள் சொன்னாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். வரலாற்று ஆசிரியனாக இருந்து நான் செய்த பிழைகளில் பெரியது இது. அந்தப் பெண்ணிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால், அம்மா, நீ செய்ததுதான் சரி. நான் செய்தது தப்பு.

இது ஏதோ பழைய கதை என்று நினைக்காதீர்கள்.

நமக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிற மதுரையில், 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலை என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலிருந்து ஆகஸ்ட் 17ஆம் தேதி கிளம்பிய ஆன்மீகச் சுற்றுலாக்காரர்கள் வந்த தனி ரயில் பெட்டி அது. நாகர்கோவிலில் புனலூர் மதுரை ரயிலோடு இணைக்கப்பட்டு மதுரைக்கு வந்தது. அங்கே கழற்றி, நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி வைத்திருந்தார்கள். விதிகளை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரில் காலை டீ போட்டிருக்கிறார்கள். ஐந்தேகால் மணிவாக்கில் தீ. 9 பேர் இறந்தார்கள். இராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் காசு சேர்த்து வந்தவர்களோ.

ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி தடுக்கப்பட்டது. 164ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருந்தது. ஆனால் ஒரு குவளை சூடான டீக்கு முன்னால் சட்டம் யார் நினைவுக்கு வருகிறது? என் பஸ்ஸும் அந்தப் பெட்டியும் ஒன்றுதான். எங்கள் சிலிண்டருக்குப் பொறி கிடைக்கவில்லை, அவ்வளவே.

இப்போது அறிவியல் ஆசிரியர்கள் கொஞ்சம் மன்னிக்கவேண்டும். அவர்கள் பாடத்தில் நான் கை வைக்கிறேன்.

சிலிண்டர் வெடிக்கும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்த இரும்புக் கூடு அத்தனை எளிதில் வெடிக்காது. வண்டியில் உண்மையான எதிரி கசிவுதான். கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி தாழ்வான இடத்தில் தேங்கும். வீட்டில் கதவைத் திறந்தால் வாசல் வழியே வெளியேறும். வண்டியின் தரை தொட்டி மாதிரி இருக்கிறது. சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் தேங்கிய கேஸ் எங்கே போகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கேஸ் ஆவியானால் ஏறக்குறைய அரை கன மீட்டர் இடத்தை அடைக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பன்னிரண்டு பேர் போகும் வேனுக்குள் 12 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால் கால் கன மீட்டர்கூட இல்லை. அதற்கு அரை கிலோ கேஸ் போதும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. முப்பதில் ஒரு பங்கு கசிந்தாலே வேன் முழுக்கத் தீப்பற்றும் கலவை. அதுவும் கீழேயே தேங்குவதால், பிள்ளைகளின் கால் அருகே அதைவிடக் குறைவான கேஸே போதும்.

படுக்க வைக்கக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சிலிண்டர் நிமிர்ந்து நின்றால் அடியில் திரவம், மேலே ஆவி. வால்வில் கசிந்தால் ஆவி மட்டும் வரும். படுக்க வைத்தால் வால்வுக்குத் திரவமே வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாகும். 1996இல் நாங்கள் படுக்க வைத்தது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று இப்போது புரிகிறது.

இன்னொன்று, வெயில். வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் திரவம் நிரப்புகிறார்கள். சூட்டில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும். அந்த இடத்தை விடாமல் நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. 1978 ஜூலை 11, லாஸ் அல்ஃபாகஸ் என்ற கடற்கரைக் கூடார முகாம். விடுமுறைக்கு வந்தவர்கள் டென்ட் போட்டுத் தங்கியிருந்தார்கள். பக்கத்துச் சாலையில் வந்த டேங்கர் லாரியில் புரொப்பேனுக்கு நெருங்கிய உறவான புரொப்பிலீன் இருந்தது. 19 டன்னுக்குச் சற்று மேல் ஏற்றவேண்டிய டேங்கரில் 23 டன் ஏற்றியிருந்தார்கள். முகாமின் ஓரத்தில் டேங்கர் உடைந்து தீப்பிடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். சில கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு அளவு பார்க்காமல் மாற்றித் தருகிறார்களே, அதை வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் எரிவாயு உருளைகளுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. 1940, 1981, 2004, 2016 என்று புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிரப்பிய சிலிண்டரை சைக்கிளிலோ இருசக்கர வண்டியிலோ கொண்டுபோகக் கூடாது. வண்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. விழாதபடி, இடிபடாதபடி கட்டியிருக்கவேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருட்களோடு சேர்த்து ஏற்றக் கூடாது. இவையெல்லாம் அதில் உள்ளவை. டிவிஎஸ் 50இல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சிலிண்டர் போகும் நம் தெருக்களைப் பார்த்தால் அந்த விதி எழுதியவர் மயங்கி விழுவார்!

சரி, "பயமுறுத்தியது போதும் சார், என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்பீர்கள். சொல்கிறேன்.

முதல் விதி, முடிந்தால் கொண்டுபோகாதீர்கள். போகும் வழிக்குக் கட்டுச்சோறு இருக்கிறது. தங்கும் இடத்தில் அடுப்பும் சிலிண்டரும் உண்டா என்று கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள். அதுதான் இன்றைய சத்திரம்.

கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால், ஆட்கள் உட்காரும் வண்டியில் வேண்டாம். பாத்திரம் பண்டங்களோடு ஒரு குட்டியானை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வண்டியில் கசிந்தாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, ஆடாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஸ்டவ், மண்ணெண்ணெய், பெட்ரோல் கேன், பேட்டரி எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம்.

ஏற்றும் முன் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். சிலிண்டரோடு நூலில் தொங்குமே பிளாஸ்டிக் மூடி, அதை வால்வில் அழுத்தி மூடுங்கள். நம் வீடுகளில் அந்த மூடி முதல் நாளே குப்பைக்குப் போய்விடுகிறது. அதை எடுத்து வையுங்கள். வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடிப்பு இல்லையா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரை வால்வில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரம் கூடவே கூடாது.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். பி 27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பவேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காதீர்கள்.

சிலிண்டரைக் கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். பூட்டிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். சின்ன கேன் அடுப்புக்கும் இதே விதிதான். இரண்டு நாள் சமையலுக்கு 14.2 கிலோ எதற்கு? கேஸ் ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்கிலும் 5 கிலோ சிலிண்டர் முறைப்படி கிடைக்கிறது.

வண்டிக்குள் சமைக்கவே கூடாது. டீ கூட வேண்டாம். டென்டுக்குள்ளும் கூடாது. திறந்தவெளியில், சமதரையில், காற்று மறைவு பார்த்துச் சமையுங்கள். கொடைக்கானல் குளிரில் கேஸ் மெதுவாக வரும். திரவம் ஆவியாகச் சூடு வேண்டும், குளிரில் அது குறைந்துபோகிறது. அதற்காகச் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது எல்லாம் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல.

கடைசியாக, வண்டியில் நாற்றம் வந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணையுங்கள், எல்லாரும் இறங்கிக் காற்று வரும் திசைப் பக்கமாகத் தள்ளிப் போங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி வேண்டாம். தள்ளிப் போன பிறகு போனை எடுத்து 1906க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இருக்கும் எண் அது.

நாற்றம் அடிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். பெரியவர்கள் மூக்கு புகையிலையிலும் வயதிலும் மழுங்கியிருக்கும். ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருந்தாலும் மூக்கு பழகிவிடும். பிள்ளையின் மூக்கு பொய் சொல்லாது.

மாணவருக்கு இத்தனையையும் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார். "சார், அந்த கன்னியாகுமரி டூர்ல நானும் இருந்தேனே. ராத்திரி நடுரோட்டுல இறக்கிவிட்டீங்க. பஸ் பஞ்சர்னு சொன்னீங்களே?"

ஆமாம். பிள்ளைகளிடம் பஞ்சர் என்றுதான் சொல்லியிருந்தோம். எனக்கே அது மறந்துபோயிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால், பதினேழாவது வரிசையில் அந்தச் சிலிண்டர் வந்திருக்காது. வரலாற்றை மறைத்தால் அது திரும்பி வரும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

நேற்று புதுப் பட்டியல் வந்தது. பதினேழாவது வரிசையில் இப்படி இருந்தது: "புளிச்சோறு, ரெண்டு தூக்கு. அங்கே அடுப்பு உள்ள இடம் பிடிச்சாச்சு சார்."

நல்லபடியாகப் போய்வரட்டும்.

உங்கள் பயணங்களில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் முதலில் எழுதிவிட்டேன். வேன் ஓட்டும் தம்பிகள், சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள், சமையல் மாஸ்டர்கள் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.